கவாத்துக் குருவி ரெண்டும் வேறதான், அண்ணே

என் முத்தையா அண்ணே,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அழுவதும் திட்டுவதும் அப்புறம். நீ சொன்னதுதான் சரி. அந்தக் குருவியும் இந்தக் குருவியும் வேற வேறதான். புத்தகத்திலேயே போட்டுவிட்டார்கள். அச்சாகிப் பல வருஷமாச்சாம். நமக்குத்தான் ஒருத்தரும் வந்து சொல்லவில்லை.

நீ போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு திதிக்கும் நாலு உளுந்துவடை, ஒரு டம்ளர் தேத்தண்ணி, ஒரு கட்டு பீடி வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொன்ன ஒரு வார்த்தையை நான் திரும்ப எடுக்கவில்லை. அது குறுக்கே கிடக்கும்போது வேறு என்ன பேச? இந்த வருஷம் எழுதுகிறேன். நம் ஆட்கள் நடத்துகிற பத்திரிகையில் போடச் சொல்லியும் கொடுக்கப் போகிறேன். நாலு பேர் படிக்கட்டும்.

அவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். நீ பொறுமைசாலிதான். கையெழுத்து விஷயம் ஒன்றைத் தவிர.

சிலோனில், அப்புத்தளைக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் நம் லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகள். அங்கே மூட்டம் இறங்கினால் பக்கத்து நிரையில் நிற்கிற ஆள் தெரியாது. தேயிலைச் செடியின் தலையை வெட்டிவிடுகிற கவாத்து ஆம்பளைகள் ஒருத்தரை ஒருத்தர் தொலைத்துவிடாமல் இருக்க விசில் வைத்திருந்தார்கள். அந்த விசிலை நம் ஆட்களா உண்டாக்கினார்கள்? காட்டோரக் குருவி ஒன்று கற்றுக்கொடுத்தது. மஞ்சள் மூக்கு, கவாத்துக் கத்தி மாதிரி வளைந்து இருக்கும். கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், வெள்ளை நெஞ்சு. கவாத்துக் குருவி என்றுதான் நாம் சொல்வோம். கண்ணில் படுகிறது கம்மி, காதில் விழுகிறதுதான் அதிகம்.

ஒரு குருவி கத்துகிற மாதிரி கேட்கும், ஆனால் அது ரெண்டு. ஆண் பாதியைப் பாடும். அது முடிகிற இடத்தில், இடைவெளி விடாமல், பெண் 'க்ரூ' என்று பதில் கொடுக்கும். நம் ஆட்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். மூட்டத்துக்குள் இருக்கிறவன் ஆண் குருவியின் பாதியை விசிலடிப்பான். சாப்பாடு கொண்டுபோகிற வீட்டாள் பெண் குருவியின் பாதியைச் சொல்லிக்கொண்டே நடப்பாள். உனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தது நான்தானே. ஏழு வயசிலிருந்து உன் விசிலுக்குப் பதில் நான்தான். நீ ஒரு நாளும் காத்திருந்ததில்லை, நான் ஒரு நாளும் வழி தவறியதில்லை.

அப்புறம் இலங்கை, இந்தியா என்று ரெண்டு நாட்டுக்காரர்களும் உட்கார்ந்து நம்மைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அங்கே நம்மை இந்தியாக்காரன் என்றார்கள். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் நம் அம்மாவுக்குக் கை நீட்டத் தெரியாது. இந்தியாவுக்குப் போவதற்கான பாரத்தில் நீதான் எல்லோருக்குமாகக் கையெழுத்துப் போட்டாய். 'என் சொந்த விருப்பத்தின் பேரில்' என்று அதில் இருந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். மண்டபம் முகாமில் ஒரு ஆபீசர் "சொந்த ஊர் எது?" என்று கேட்டார். அப்புத்தளை என்று நீ சொன்னாய். "அது ஊரா? இந்தியாவுல சொல்லு" என்றார். நமக்கு ஊர் இல்லை என்று நீ சொன்னதும் அவரே பழைய கடுதாசி எதையோ புரட்டி, திருச்சிப் பக்கம் ஒரு கிராமத்தின் பேரை எழுதிப் பேனாவை உன் கையில் கொடுத்தார். அந்தக் கிராமத்தை நீயும் பார்த்ததில்லை, நானும் இன்றுவரை பார்த்ததில்லை. அதிலும் கையெழுத்துப் போட்டாய்.

குன்னூருக்கு மேலே இந்தத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். வீடு கட்டி முடியவில்லை என்று தகரக் கொட்டகை. சாக்குப் படுதா கட்டி நாலாகப் பிரித்து, நாலு குடும்பம். டிசம்பரில் தகரத்தின் உள்பக்கம் பனி வேர்த்துச் சொட்டும். அம்மாவுக்கு ஏற்கெனவே நெஞ்சுச் சளி. ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருப்பாள், படுத்தால் மூச்சு முட்டும். படுதாவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அந்த இருமலைப் பற்றி ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் பறவை சார் வந்தார். பட்டணத்திலிருந்து வந்து தோட்டத்து பங்களாவில் தங்கி, மலைக்காட்டுச் சோலைகளில் என்னென்ன பறவை இருக்கிறது என்று கணக்கெடுக்கிறவர். எல்லோரும் அவரைப் பறவை சார் என்றே சொன்னோம். வளைந்த மூக்குக் குருவி ஒன்றின் படத்தைக் காட்டி, இதைக் கூப்பிடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நம் மேஸ்திரி உன்னைக் கைகாட்டினார்.

"ஏனுங்க சார், நம்ம சிலோன்காரப் பையன் ஒருத்தன் இருக்கறானுங்க. கண்ணை மூடிட்டுக் கேட்டா குருவின்னே சொல்லுவீங்க. அப்படி விசிலடிப்பானுங்க."

படத்தைப் பார்த்ததும் உன் முகம் எப்படி மலர்ந்தது! இந்த நாட்டில் நமக்குத் தெரிந்த முதல் முகம் அந்தக் குருவிதான் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாய். வேலை நன்றாக முடிந்தால் வனக் காவலர் வேலைக்கு எழுதிப் போடுவதாக சார் சொல்லியிருந்தார். காவலர் வேலைக்குக் கல் வீடு உண்டு, கணப்பு அடுப்பு உண்டு. அம்மா அந்த அடுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் விடியற்காலையில் சோலைக்குப் போனாய். விசிலடித்தாய். ஒன்றும் பதில் சொல்லவில்லை. பத்தாம் நாள் சார் 'இந்தச் சோலையில் இந்தப் பறவை இல்லை' என்று எழுதி மேலிடத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். நீ அன்றைக்கு உம்மென்று சோறு தின்றாய்.

மறுநாள் நீ ஓடிவந்த ஓட்டம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பிரட்டுக் களத்தில் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன். பேர் கொடுக்கக்கூட விடாமல் என்னை ஓரமாக இழுத்தாய்.

"பாக்கியம், அதுங்க அங்கதான் இருக்குதுங்க! தண்ணி குடிக்கலாம்னு கம்முனு குந்தினேன். பத்தடிக்குள்ள ஜோடியா வந்துச்சு. பத்து நாளா நான் கூப்புட்டதை எல்லாம் கேட்டுக்கிட்டுப் பேசாம இருந்திருக்குதுங்க."

"ஏன்ணே?"

"நான் நம்ம ஊரு விசிலை அடிச்சிருக்கேன். இதுங்க பேச்சு வேற."

நம் ஆட்களைத் தவிர வேறு யார் இந்தத் தப்பைச் செய்ய முடியும்! நீலகிரிச் சோலையில் நின்றுகொண்டு பத்து நாள் அப்புத்தளைக் குருவியைக் கூப்பிட்டிருக்கிறாய். அங்கே இருப்பதன் குரல் வாயில் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கிற மாதிரி உருண்டு வரும். இங்கே இருப்பது பூ-பூ-பூ என்று படி இறங்குகிற மாதிரி விட்டு விட்டுச் சொல்லும். நாலே நாளில் இந்த ஊர் விசிலையும் பிடித்துவிட்டாய். அப்புறம் மூன்று காலை பரீட்சை வைத்தாய். நம் ஊர் விசில் ஒரு தடவை, இந்த ஊர் விசில் ஒரு தடவை. நம் ஊர் விசிலுக்கு மூன்று நாளும் சத்தமே இல்லை. இந்த ஊர் விசிலை நீ முடிக்கும் முன்னாலேயே பெண் குருவி பதில் சொல்லிவிட்டது. முதுகும் வேற நிறம் என்றாய். அங்கே செம்பழுப்பு, இங்கே சாம்பல் படிந்த பழுப்பு.

சாரிடம் போய்ச் சொன்னாய். குருவி இருக்கிறது என்பதை அவர் ஒத்துக்கொண்டார். கண்ணால் பார்த்துவிட்டாரே. வேற குருவி என்றதும் சிரித்தார். தடிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஒரே பேர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் அங்கே இருப்பதற்கு ஒரு வால் பேர்.

"முத்தையா, ரெண்டும் ஒரே இனம்தாம்ப்பா. அங்க இருக்கிறது இதோட உள்ளினம். ஊர் மாறினா கொஞ்சம் நிறம் மாறும், அவ்வளவுதான்."

"அப்ப ஏன் சார் பதில் சொல்லல?"

"நீ சரியா ஊதல."

அதை அப்படியே வந்து எங்களிடம் சொன்னாய். மூட்டத்தில் பத்து வருஷம் அந்த விசிலை நம்பி உயிரை வைத்தவனிடம் சரியாக ஊதவில்லை என்று சொல்லிவிட்டார். உள்ளினம் என்றால் என்ன என்று நான் கேட்டேன். "டெம்பரவரி ஆளு மாதிரி. பேர் உண்டு, பெர்மனென்ட் இல்ல" என்றாய். அம்மா இருமிக்கொண்டே சிரித்தாள்.

அவர் கெட்ட மனுஷன் இல்லை. அம்மாவுக்கு அவர்தான் இருமல் மருந்து கொடுத்தனுப்பினார். ஆனால் 'இல்லை' என்று எழுதி அனுப்பியதை 'இருக்கிறது' என்று மாற்ற வேண்டும், அதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டும். இங்கிலீஷில் ஒரு தாள் அடித்து, ஆபீஸ் கிளார்க்கை வாசித்துச் சொல்லச் சொன்னார். பறவை முதலில் தென்படாததற்கு உதவியாளர் தவறாக அழைத்ததே காரணம், இனத்தில் வேறுபாடு ஏதும் இல்லை என்பதை உதவியாளரும் ஒப்புக்கொள்கிறார். கீழே உன் கையெழுத்துக்கு இடம். அதோடு சேர்த்தே காவலர் வேலைக்கான கடிதமும் மேஜையில் இருந்தது. "சும்மா ஒரு கையெழுத்துதாம்ப்பா" என்றாராம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாய்.

அதற்குள் சேதி தோட்டம் முழுக்கப் போய்விட்டது. என் நிரையில் கொழுந்து கிள்ளுகிற ரங்கம்மாக்கா, நல்ல மனசுக்காரி, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள், அத்தனை பேருக்கும் முன்னால் கேட்டாள்.

"ஏம்புள்ள பாக்கியம், உங்கண்ணன் குருவியையும் சிலோனு, இந்தியான்னு பிரிச்சுப் போட்டுட்டானாமே? அதுக்கும் பாஸ்போர்ட் வேணுமாங்கண்ணு?"

நிரையே சிரித்தது. அவள் கேலிக்குத்தான் சொன்னாள், எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. எனக்கு அப்போது பதினேழு வயசு. தேத்தண்ணி என்ற வார்த்தையை விழுங்கிவிட்டு டீ என்று பழகிக்கொண்டிருந்தேன். வீட்டை ஊடு என்றேன். ஏனுங்க, வாங்க, போங்க என்று நாக்கைத் திருப்பிக்கொண்டிருந்தேன். சிலோன்காரி என்ற பேர் என் முதுகிலிருந்து எப்போது உதிரும் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். நீ என்னடாவென்றால் குருவியைக் காட்டி அந்தப் பேரை ஆணியடிக்கிறாய்.

அன்றைக்குச் சாயங்காலம் கொட்டகை வாசலில் வைத்து உன்னைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரே குருவின்னு சொல்லிட்டுப் போயேன்ணே. உனக்கு என்ன கொறஞ்சு போவுது?"

"ஒண்ணா இருந்தா சொல்ல மாட்டேனா?"

"அப்ப நம்மளும் வேறயா? நாங்களும் உங்க ஆளுதான், உங்க ஆளுதான்னு நான் நாயாக் கத்திக்கிட்டுத் திரியறேன். நீ வேற வேறங்கிற."

"வேறன்னா மட்டமா பாக்கியம்? வேறயா இருந்துக்கிட்டே இங்க இருக்கக்கூடாதா?"

எனக்கு அது ஏறவில்லை. அம்மாவைக் காட்டினேன். கல் வீட்டைச் சொன்னேன், அடுப்பைச் சொன்னேன். அப்போதுதான் நீ சொன்னாய்.

"ரெண்டு பொய்யில கையெழுத்துப் போட்டாச்சு பாக்கியம். ஆசப்பட்டுப் போறேன்னு ஒண்ணு. பாக்காத ஊரைச் சொந்த ஊருன்னு ஒண்ணு. நம்மளப் பத்தின பொய்தானேன்னு போட்டேன். மூணாவது என்னால முடியாது. நான் தப்பா ஊதல."

மறுநாள் சாரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். அவர் ஒன்றும் கத்தவில்லையாம். கடிதத்தை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாராம். காவலர் வேலை வேறு யாருக்கோ போனது. நீ கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குத் திரும்பினாய். தை பிறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அம்மா உட்கார்ந்தபடியே போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்றைக்கு நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும். "அம்மாவக் கொன்னது நீதான். ஒரு குருவிக்காகக் கொன்னுட்ட" என்றேன். நீ என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. தலையை ஆட்டினாய். ஆமாம் என்று ஆட்டினாயா, இல்லை என்று ஆட்டினாயா? அதைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்புறமும் ஒரே வாசலில்தான் இருந்தோம். வீடு கிடைத்தது, எனக்குக் கல்யாணமானது, நீ கட்டிக்கொள்ளவே இல்லை. உப்பு, ரேஷன், மழை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எல்லாம் பேசினோம். ஆனால் மூட்டம் இறங்குகிற சாயங்காலங்களில் மலையிலிருந்து திரும்பும்போது நீ லயத்து முக்கில் நின்று விசிலடிப்பாய். நம் ஊர் விசில். பாதி. உள்ளே நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். பதில் என் தொண்டை வரைக்கும் வரும். ஒரு தடவைகூட நான் கொடுக்கவில்லை, அண்ணே. முப்பது வருஷம். நீயும் ஒரு தடவைகூட விசிலடிக்காமல் வந்ததில்லை. நம் ரெண்டு பேரில் யாருக்கு அழுத்தம் அதிகம் என்று இப்போது யோசித்தால் சிரிப்புக்கூட வருகிறது, பாவி.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன்.

போன மாசம் ஜெயந்தி என்று ஒரு பெண் வந்தாள். பல்கலைக்கழகத்தில் பறவைக் குரல் பற்றிப் படிக்கிறவள். காதில் பெரிய மூடி, கையில் சுரைக்காய் அளவுக்கு மைக்கு. பங்களா எல்லாம் இல்லை, நம் லயத்திலேயே பூட்டிக் கிடந்த வீட்டில் தங்கிக்கொண்டாள். டீ கொடுக்கப் போனபோது, என்னம்மா தேடுகிறாய் என்று கேட்டேன். படத்தைக் காட்டினாள். வளைந்த மஞ்சள் மூக்கு, வெள்ளைப் புருவம்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "இதே மாதிரி சிலோன்லயும் ஒண்ணு உண்டு" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்து, போனைத் தடவி ஒரு சத்தத்தைப் போட்டாள்.

அண்ணே, நம் ஊர்க் குருவி. தண்ணீர் கொப்பளிக்கிற அதே உருட்டல். ஐம்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு சின்ன போனுக்குள்ளிருந்து. அந்தச் சத்தத்தில் நீ லயத்து முக்கில் நிற்கிறாய். நான் டீ டம்ளரோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னாச்சும்மா?" என்று பதறிப்போய்த் தண்ணி கொடுத்தாள். அப்புறம் அவளாகவே சொன்னாள். "இது இலங்கையில மட்டும் இருக்கிற தனி இனம்மா. முன்னாடி நம்ம ஊர்ப் பறவையோட உள்ளினம்னு வெச்சிருந்தாங்க. இப்போ பிரிச்சிட்டாங்க." புத்தகத்தையும் எடுத்துக் காட்டினாள். நமக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, பக்கம் தெரியுமே. அங்கே இருப்பதற்கு முழுசாக ஒரு பேர். இங்கே இருப்பதற்கு முழுசாக ஒரு பேர். வால் இல்லை, சின்ன எழுத்து இல்லை. குரல் வேறாம், முதுகு நிறம் வேறாம்.

"இதை எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"ரொம்ப வருஷமாச்சும்மா. நான் ஸ்கூல் படிக்கும்போதே வந்துடுச்சு."

"எங்கண்ணன் அதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சான். நீங்க பொறக்கறதுக்கே முன்னாடி. பத்து நாள் விசிலடிச்சான், பதினோராம் நாள் கண்டுபிடிச்சான். அவங்கிட்ட மைக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று கத்திவிட்டேன். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பயந்துபோய்ப் பார்த்தது. நீ உயிரோடு இருக்கும்போதே அது அச்சாகிவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். தைரியம் வரவில்லை. நீயே சொல், கேட்டிருக்க வேண்டுமா?

முழுக் கதையையும் சொன்னேன். பத்து நாள், மூன்று காலை, தாள், எல்லாவற்றையும். ஜெயந்தி தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள். இப்போதும் அப்படித்தான் பரீட்சை வைக்கிறார்களாம். ஒரு ஊர்ப் பறவையின் குரலை இன்னொரு ஊரில் போட்டுப் பார்ப்பார்களாம், பதில் வருகிறதா இல்லையா என்று. "அவர் செஞ்சது அதேதான்மா" என்றாள். அடி மகராசி, அதைச் சொல்ல ஒரு ஆள் வர ஐம்பது வருஷமா?

அப்புறம் ஒரு தாளை நீட்டினாள். நான் சொன்னதை அவள் பயன்படுத்திக்கொள்ள என் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் குருவி நம் குடும்பத்தை விடாது போலிருக்கிறது!

"வாசிச்சுக் காட்டு" என்றேன். தமிழில்தான் இருந்தது. 'உள்ளூர்த் தகவலாளர் ஒருவர் கூறியது' என்று இருந்தது. "ஒருவர்னா யாரு? அடிச்சிட்டு முத்தையான்னு எழுது" என்றேன். வழக்கமாகப் பேர் போடுவதில்லை என்று இழுத்தாள். "அப்படின்னா நானும் கையெழுத்துப் போடறதில்ல. எங்க வீட்டுல அது வழக்கம்" என்றேன். அடித்துவிட்டு எழுதினாள். அதற்குக் கீழே 'சொந்த ஊர்' என்று ஒரு கோடு காலியாக இருந்தது. அதை நானே எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். அப்புத்தளை, குன்னூர். ரெண்டையும் எழுதினேன். இடம் போதாமல் குன்னூர் ஓரத்தில் ஏறிக்கொண்டது.

கையெழுத்தை அப்போதே போடவில்லை. "முதல்ல சோலைக்குப் போவோம். எங்கண்ணன் சரியா ஊதினானான்னு பார்த்துட்டுப் போடறேன்" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனோம். உன்னை அடக்கம் பண்ணியிருக்கிற மேட்டுக்குப் பக்கத்தில்தான் சோலை தொடங்குகிறது. முதலில் ஜெயந்தி இந்த ஊர்க் குரலைப் போனில் போட்டாள். பூ-பூ-பூ முடியும் முன்னாலேயே உள்ளேயிருந்து ஜோடியாகப் பதில் வந்தது. ஆக, இருக்கிறார்கள், வீட்டில்தான் இருக்கிறார்கள். அப்புறம் அவளை போனை அணைக்கச் சொன்னேன்.

பொம்பளை விசிலடித்தால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். வீட்டுக்கு ஆகாததெல்லாம் ஏற்கெனவே நடந்தாகிவிட்டது. உதட்டை நனைத்துக்கொண்டு உன் விசிலை அடித்தேன். உன் பாதி. முப்பது வருஷம் கேட்டது, ஒரு சுழி பிசகவில்லை. முன்பல் ரெண்டு இல்லாததால் காற்று கொஞ்சம் சிந்தியது, அவ்வளவுதான்.

காடு கம்மென்று இருந்தது. மறுபடி அடித்தேன். ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவையும் இல்லை. பத்தடிக்குள் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை அவர்கள். ஜெயந்தி என்னைப் பார்த்தாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

நீ தப்பா ஊதல, அண்ணே. நீ தப்பா ஊதவே இல்ல.

நாலாம் தடவை அடித்துவிட்டு நான் காத்திருக்கவில்லை. அந்த விசில் முடிகிற இடத்தில், இடைவெளி விடாமல், என் பாதியைச் சொன்னேன். க்ரூ. உன் மேட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். அந்த மூலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அங்கேயே, உன் தலைமாட்டுக் கல்லின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். நம் குடும்பத்தில் உண்மைக்குக் கீழே விழுந்த முதல் கையெழுத்து அதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மாவைக் கொன்றது நீ இல்லை. அந்த வார்த்தையை இதோ எடுத்துக்கொள்கிறேன். அடுப்புள்ள வீட்டில் இருந்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது, உனக்கும் தெரிந்திருக்காது. தெரியாமலேதான் நீ தாளைத் திருப்பிக் கொடுத்தாய். ஆனால் நோயாளியை வைத்துக்கொண்டு இருப்பவனிடம் பொய்யை எழுதி, பக்கத்தில் வீட்டையும் வைத்து நீட்டுகிறவர்களைக் கேட்க வேண்டிய கேள்வியை நான் உன்னிடம் கேட்டுவிட்டேன். அதுதான் என் தப்பு. வேறு யாராவது அவர்களிடம் அதைக் கேட்க மாட்டார்களா என்று இனி காத்திருக்க மாட்டேன், நானே கேட்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது நான் வாய்நிறையத் தேத்தண்ணி என்றுதான் சொல்கிறேன். ரங்கம்மாக்காவின் மருமகள் திருத்தினாள். "எங்க பேச்சு வேற கண்ணு, கேட்டுக்கோ" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னேன்.

இனிமேல் உன் திதிக்கு வடையும் பீடியும் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு திரும்ப மாட்டேன். மூட்டம் இறங்குகிற சாயங்காலம் எதுவானாலும் சரி, லயத்து முக்குக்கு வந்து உன் பாதியையும் அடித்து என் பாதியையும் சொல்லுவேன். பல் எல்லாம் விழுந்தாலும் சொல்லுவேன். இந்த மலையில் இருக்கிற குருவி ஒன்றும் அதற்குப் பதில் சொல்லாது. சொல்ல வேண்டியது அதுகள் இல்லை, நான்தான்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடாத முத்தையாவின் தங்கச்சி,
பாக்கியம்
அப்புத்தளை, குன்னூர்